தெர்மாமீட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய்

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னாடி, திருக்கழுக்குன்றத்தில் எங்க அத்தை வீட்டுப் பரணை ஒழித்துக் கொடுக்கப் போயிருந்தேன். அத்தை ஸ்டாஃப் நர்ஸாக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். பரணில் இருந்த தகர ட்ரங்குப் பெட்டியில் ஒரு ஜோடி வெள்ளை கான்வாஸ் ஷூ, பிளாஸ்டிக் உறையில் போட்ட நர்சிங் கவுன்சில் சான்றிதழ், எண்பதுகளைச் சேர்ந்த ஒரு பாக்கெட் டைரி இருந்தன.

டைரியில் பெரும்பாலும் பால் கணக்கும் சீட்டுக் கணக்கும்தான். நடுவில் ஒரு பக்கம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. தெர்மாமீட்டர் 1, ரூ.12. கண்ணாடி சிரிஞ்சு 1. பெட்ஷீட் 2, காணவில்லை. பக்கத்திலேயே மாதமும் எழுதியிருந்தது.

"அத்தே, இது என்ன, கடைக் கணக்கா?"

"கடைக் கணக்கு இல்லடா. சம்பளத்துல புடிச்ச கணக்கு."

ஜன்னி கண்ட ஒரு பையன் வாயில் வைத்த தெர்மாமீட்டரைக் கடித்து உடைத்துவிட்டானாம். "பாதரசம் உள்ள போயிருக்குமோ, கண்ணாடி குத்தியிருக்குமோன்னு நான் பதறிக்கிட்டிருக்கேன். இன்சார்ஜ் சிஸ்டர் வந்து, முதல்ல ஒடஞ்ச துண்டை எடுத்து வை, ஸ்டோர்ல காட்டணும்னாங்க. அவங்களையும் தப்பு சொல்ல முடியாது. கணக்குல இடிச்சா அவங்க தலையிலதான் விடியும்."

நான் மென்பொருள் துறையில் இருபது வருஷமாக இருப்பவன். மருத்துவத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு ரூபாய் என்னை விடவில்லை. ராத்திரியெல்லாம் விழித்திருந்து ஒரு பையனைக் காப்பாற்றும் ஆளிடம், உடைந்த கண்ணாடிக்குக் காசு பிடிப்பது எப்படி ஒரு சாதாரண விஷயமாக ஆனது? அதை மாற்ற யாராவது முயற்சி செய்தார்களா? இந்தக் கேள்விகளோடு சில மாதங்கள் படித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

செவிலியும் சிஸ்டரும்

முதலில் சொல்லிலிருந்து தொடங்கலாம். 'செவிலியர்' என்று இன்று அரசாணைகளில் எழுதுகிறோமே, அந்தச் செவிலி சங்க இலக்கியத்திலிருந்து வந்தவர். தலைவியை வளர்த்த தாய். தோழி என்பவள் இந்தச் செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் இலக்கணமே சொல்கிறது. தலைவி காதலனோடு போய்விட்டால், பாலை வழியில் எதிரே வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டு தேடிப் போவதும் பெரும்பாலும் செவிலிதான், பெற்ற தாய் அல்ல. அந்த அளவுக்கு உரிமையும் மதிப்பும் இருந்த பாத்திரம்.

ஆனால் அந்த மதிப்பு வீட்டுக்குள் இருக்கும் மதிப்பு. செவிலிக்கு எத்தனை மணி நேரம் வேலை, வார விடுமுறை உண்டா என்று எந்தப் பாட்டிலும் கேள்வி எழவில்லை. எழவும் முடியாது, அது உறவு. 'சிஸ்டர்' என்ற சொல்லும் அப்படித்தான். ஐரோப்பாவில் நோயாளிகளைக் கவனித்த கன்னியர் மடங்களிலிருந்து வந்த அழைப்பு அது. நாம் இன்றைக்கும் வார்டில் போய் "சிஸ்டர்", "அக்கா", "அம்மா" என்றுதான் கூப்பிடுகிறோம். அன்பான சொற்கள்தான். ஆனால் உறவுச் சொல்லில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. அம்மாவுக்கு டியூட்டி நேரம் கிடையாது, அக்கா ஓவர்டைம் கேட்க மாட்டாள்.

யாருக்குக் கீழே?

நர்சிங் ஒரு தொழிலாக வடிவம் பெற்ற கதையில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலைத் தவிர்க்க முடியாது. கையில் விளக்கோடு இரவில் நடந்த பெண்மணி என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தப் படம் அவருடைய பெரிய சாதனையை மறைத்துவிடுகிறது. 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் அமைந்த நிதியிலிருந்து ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, அவர் விடாப்பிடியாகக் கேட்டது ஒரு நிர்வாக ஏற்பாடு. சிகிச்சை விஷயத்தில் டாக்டர் சொல்வதை நர்ஸ் கேட்பாள். ஆனால் அவளைச் சேர்ப்பது, பயிற்சி கொடுப்பது, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது, நீக்குவது எல்லாம் மேட்ரன் கையில் இருக்க வேண்டும். அந்த மேட்ரனும் நர்ஸாகவே இருக்க வேண்டும். அங்கே அந்தப் பொறுப்பில் இருந்தவர் திருமதி வார்ட்ரோப்பர்.

எங்கள் துறையில் இதை ரிப்போர்ட்டிங் லைன் என்போம். உன் வேலையை அளப்பவருக்கு உன் வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

நைட்டிங்கேல் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனால் இந்தியாவின் சுகாதாரம் பற்றிப் பல பத்தாண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார். 1866 முதல் 1872 வரை மதராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு அவருக்குக் கிரிமியப் போர்க் காலத்திலிருந்தே தெரிந்தவர். இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது.

மதராஸுக்கு மருத்துவமனை புதிதல்ல. ஜார்ஜ் கோட்டையில் 1664-ல் சிப்பாய்களுக்காகத் தொடங்கியதுதான் பின்னால் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பொது மருத்துவமனை ஆனது. 1854-ல் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு மதராஸில் அரசு அனுமதி கிடைத்தது. 1871-ல் பொது மருத்துவமனையில் நர்சிங் பள்ளி தொடங்கியது. இந்தியாவின் முதல் நர்சிங் பள்ளி என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான். முதல் அணியில் நான்கே நான்கு மாணவிகள், ஏற்கெனவே மகப்பேறு பார்க்கக் கற்றவர்கள். பயிற்சிக் காலம் ஆறு மாதம்.

அந்தக் காலத்தில் இந்த வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் இந்தியக் கிறிஸ்தவப் பெண்களும்தான். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்நிய ஆண்களைத் தொட வேண்டும், மலம் மூத்திரம் அள்ள வேண்டும், ராத்திரி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். சாதியும் தீட்டும் ஆண்ட ஊரில் இந்த மூன்றில் ஒன்று போதும், ஒரு பெண்ணின் பேரைக் கெடுக்க. ஆக, நர்ஸுக்கு மரியாதை இல்லாமல் போனதற்கு மருத்துவமனை மட்டும் காரணம் இல்லை. மருத்துவமனைக்கு வெளியே இருந்த தெருதான் முதல் காரணம். அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் "நைட் டியூட்டி உண்டா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போன கதை எங்க வீட்டிலேயே உண்டு. அது நடந்தது 1871-ல் இல்லை, எழுபதுகளில்.

பேரேட்டில் ஒரு பெயர்

இந்த நிலைமையில் மரியாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது எது? நான் பார்த்தவரை மூன்று விஷயங்கள்: நல்ல பயிற்சி, சட்டப்படியான பதிவு, சொந்தச் சங்கம்.

பயிற்சிக்கு வேலூரைச் சொல்ல வேண்டும். ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கி, 1902-ல் நாற்பது படுக்கை கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாக வளர்த்த இடத்தில், 1909-ல் நர்சிங் பள்ளி வந்தது. அதை நடத்த வந்தவர் டெலியா ஹாட்டன் என்ற அமெரிக்க நர்ஸ். அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918-ல். அதாவது, அந்த வளாகத்தில் நர்ஸ் படிப்பு டாக்டர் படிப்பை விட ஒன்பது வருஷம் மூத்தது! 1946-ல் வேலூரிலும் டெல்லியிலும் நர்சிங்குக்குப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு தொடங்கியது.

சங்கம் 1905-ல் வந்தது. நர்சிங் கண்காணிப்பாளர்கள் சேர்ந்து ஆரம்பித்த அது, 1908-ல் உருவான பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தோடு 1922-ல் இணைந்தது. 1910 முதலே ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள்.

பதிவுச் சட்டம் நம் மாகாணத்துக்கு 1926-ல் வந்தது. மதராஸ் நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் சட்டம். கேட்க வறட்டுத்தனமாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அதற்கு முன் "இவள் நல்ல நர்ஸ்" என்று சொல்ல ஒரு துரையோ டாக்டரோ கடிதம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அரசுப் பேரேட்டில் அவள் பெயரும் ஒரு எண்ணும் இருக்கிறது. அது யாருடைய தயவும் இல்லை. அத்தை தன் கல்யாணப் பத்திரிகையைத் தொலைத்துவிட்டார், கவுன்சில் சான்றிதழை மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார் என்றால் காரணம் இதுதான்.

ராணுவத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1943-ல் ராணுவச் செவிலியர் சேவைக்கான அவசரச் சட்டம் நர்ஸுகளை அதிகாரி அந்தஸ்துக்குக் கொண்டுவந்தது. 1976-ல் அந்தச் சேவையின் தலைவியாக இருந்த ஆலிஸ் ராம் மேஜர் ஜெனரல் ஆனார். இந்தியப் படையில் ஜெனரல் தகுதியை அடைந்த முதல் பெண் ஒரு நர்ஸ் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தோளில் பட்டை இருக்கும்போது "ஏம்மா நர்ஸு" என்று யாரும் கூப்பிட மாட்டார்கள்.

43,000 பேருக்கு ஒருவர்

சுதந்திரத்துக்கு முந்தைய வருஷம் வந்த போர் கமிட்டி அறிக்கை அன்றைய நிலவரத்தை எண்களில் சொல்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் டாக்டர், 6,300 பேருக்கு ஒருவர். நர்ஸ், 43,000 பேருக்கு ஒருவர். மொத்தமே ஏழாயிரம் நர்ஸுகள். உலகத்தில் பெரும்பாலும் டாக்டர்களை விட நர்ஸுகள்தான் அதிகம் இருப்பார்கள். இங்கே தலைகீழ். நீண்ட வேலை நேரம், மோசமான தங்குமிடம், குறைந்த சம்பளம், இவை மாறாமல் பெண்கள் இந்த வேலைக்கு வர மாட்டார்கள் என்பதை அந்தக் கமிட்டி புரிந்துகொண்டிருந்தது. 1971-க்குள் ஏழு லட்சத்து நாற்பதாயிரம் நர்ஸுகள் என்று இலக்கும் வைத்தது. இலக்கு காகிதத்தோடு நின்றது.

1947 டிசம்பர் 31 அன்று இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. படிப்புக்கு நாடு முழுக்க ஒரே தரம் வந்துவிட்டது. வேலை செய்யும் இடத்துக்கு அப்படி ஒரு தரம் வரவில்லை.

நம்ம ஊர்ப் பக்கத்திலேயே ஒரு இடத்தைச் சொல்கிறேன். செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 1924-ல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை அமைந்தது. 1930களில் அங்கே வந்த ராபர்ட் காக்ரேன், தொழுநோய்க்கு சல்ஃபோன் மருந்துகளைப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர். 1955-ல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. பஸ்ஸில் செங்கல்பட்டு போகும்போது சின்ன வயதில் எங்களுக்கு அது பயமுறுத்தும் பெயர். "திருமணியில வேலை" என்று யாராவது சொன்னால் ஒரு அடி தள்ளி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நோயாளி மேல் ஊர் வைத்த விலக்கு, புண்ணுக்குக் கட்டுப் போடும் கையின் மேலும் படிகிறது. மருந்து வந்து நோய் குணமாகும் என்றான பிறகும் அந்த விலக்கு போகப் பல வருஷம் பிடித்தது. கோவிட் வந்தபோது நர்ஸுகளை வீடு காலி செய்யச் சொன்ன செய்திகளைப் படித்த நமக்கு இது பழங்கதையாகத் தெரியாது.

1973, மும்பை

அடுத்து சொல்லப் போவது வருத்தமான விஷயம். ஆனாலும் இந்த வரலாற்றில் அதைத் தாண்டிப் போக முடியாது.

1973 நவம்பர் 27. மும்பை கெ.இ.எம். மருத்துவமனையில் வேலை பார்த்த அருணா ஷான்பாக் என்ற இளம் நர்ஸ், டியூட்டி முடிந்து அடித்தளத்தில் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, அதே மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர் ஒருவரால் தாக்கப்பட்டார். மூளைக்கு ரத்தம் போகாமல், அதன் பிறகு நினைவு திரும்பவே இல்லை. குற்றவாளிக்குத் தாக்குதலுக்கும் திருட்டுக்கும் மட்டும்தான் தண்டனை கிடைத்தது, ஏழு வருஷம். மும்பை நர்ஸுகள் பாதுகாப்பு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அருணா 2015 மே 18 வரை, சுமார் 42 வருஷம், அதே மருத்துவமனையில் படுக்கையில் இருந்தார். தலைமுறை தலைமுறையாக நர்ஸுகள் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்காகக் கருணைக்கொலை கேட்டு வந்த மனு மீது 2011-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவர் சார்பில் முடிவு சொல்லும் உரிமை அந்த மருத்துவமனை ஊழியர்களுக்குத்தான் என்று நீதிமன்றமே சொன்னது.

இந்தக் கதையை நம் பத்திரிகைகள் நர்ஸுகளின் தாயுள்ளம் என்ற தலைப்பில் எழுதின. உண்மைதான், அப்படி ஒரு பராமரிப்பு வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எனக்கு வேறொன்று உறுத்துகிறது. உடை மாற்ற ஒரு பூட்டுள்ள அறை இருந்திருந்தால் அந்த 42 வருஷப் பராமரிப்பே தேவைப்பட்டிருக்காது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான விசாகா வழிகாட்டுதல்கள் 1997-லும், அதற்கான சட்டம் 2013-லும் வந்தன. மருத்துவமனை ஊழியர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-ல் தனிச் சட்டம் வந்தது.

சரோஜினி வரதப்பன் கமிட்டி

அத்தையின் பன்னிரண்டு ரூபாய்க்கு வருவோம்.

1987-ல் மத்திய அரசு நர்சிங் தொழில் பற்றி ஆராய ஓர் உயர்மட்டக் குழு அமைத்தது. முதலில் தலைவராக இருந்தவர் விலகிய பின், பொறுப்பேற்றவர் நம்ம சரோஜினி வரதப்பன். முன்னாள் முதலமைச்சர் பக்தவத்சலத்தின் மகள், சமூக சேவகர், மத்திய சமூக நல வாரியத்தின் முன்னாள் தலைவர். சென்னையில் அவர் பெயரைக் கேட்டால் மாதர் சங்கப் பணிகளைச் சொல்வார்கள். இந்த அறிக்கையை யாரும் சொல்வதில்லை. 1989-ல் வந்த அதன் பரிந்துரைகளைப் படித்தபோது, யாரோ ஒருவர் வார்டு வார்டாகப் போய் நர்ஸுகளைப் பேசவிட்டுக் கேட்ட மாதிரி இருந்தது.

வாரத்துக்கு 40 மணி நேர வேலை. கூடுதல் நேரத்துக்கு விடுப்போ பணமோ. வாரம் ஒரு நாள் ஓய்வு. நர்சிங் அல்லாத வேலைகளிலிருந்து விடுதலை. பணிக்காலத்தில் குறைந்தது மூன்று பதவி உயர்வு. அகால நேரத்தில் பாதுகாப்பான போக்குவரத்து. எல்லா மாநிலத்திலும் ஒரே மூச்சான ஷிஃப்ட்.

இந்தக் கடைசி வரியை அத்தையிடம் கேட்டேன். சிரித்தார். "ஸ்ப்ளிட் டியூட்டின்னு ஒண்ணு இருந்தது. காலைல ஏழுலேர்ந்து பன்னண்டு, திரும்ப சாயங்காலம் நாலுலேர்ந்து எட்டு. நடுவுல நாலு மணி நேரம் ஓய்வாம். பஸ் புடிச்சு ஊருக்கு வந்து திரும்ப முடியுமா? மரத்தடியில குந்திக்கிட்டு இருப்போம். உக்கார ஒரு ரூம் கெடையாது."

அந்தப் பட்டியலில்தான் நான் தேடியது இருந்தது. உடைந்த பொருளுக்கும் தொலைந்த பொருளுக்கும் நர்ஸிடம் பணம் வசூலிக்கக் கூடாது, இழப்பை அவ்வப்போது மதிப்பிட மருத்துவமனையே ஒரு முறை வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான். ஒரு தேசிய உயர்மட்டக் குழு, நாடு முழுவதற்கும் எழுதிய அறிக்கையில் தெர்மாமீட்டருக்கு இடம் கொடுத்திருக்கிறது. அப்படியென்றால் இந்தப் பன்னிரண்டு ரூபாய் அத்தை ஒருவரின் டைரியில் மட்டும் இருந்திருக்க முடியாது.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பது. மத்தியக் குழுவின் பரிந்துரை யாரையும் கட்டாது. தனியார் மருத்துவமனைகள் விஷயம் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நகர்ந்தது. அதன்படி அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்கும் குறைவான சிறிய மருத்துவமனையில்கூட நர்ஸ் சம்பளம் மாதம் ரூ.20,000-க்குக் குறையக் கூடாது என்றது. பெரிய மருத்துவமனைகளுக்கு அரசு சம்பளத்தை அளவாக வைத்தது. உங்க தெருவில் இருக்கும் நர்சிங் ஹோமில் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு வாங்குகிறார்கள் என்று.

தப்பைச் சொன்னால் என்ன ஆகும்?

பொருள் உடைந்தால் காசு பிடிப்பது சின்னக் கொடுமை. அதை விடப் பெரிய விளைவு ஒன்று இருக்கிறது.

அத்தையோடு வேலை பார்த்த ஒரு பெண், ஒருநாள் ராத்திரி ஒரு நோயாளிக்குப் போட வேண்டிய ஊசியைப் பக்கத்துக் கட்டிலுக்குப் போட்டுவிட்டார். உடனே உணர்ந்து டியூட்டி டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் காலை ரவுண்ட்ஸில், எல்லா நோயாளிகள் முன்னாலும் அவரை நிற்க வைத்துக் கேட்ட கேள்விகளை அத்தை இன்றுவரை மறக்கவில்லை.

"டாக்டர் திட்டினதுகூடப் போவட்டும்டா. அதுக்கப்புறம் எங்க மேட்ரன் திட்டினாங்க பாரு. ஒரு நர்ஸே நர்ஸை அப்படிப் பேசலாமா? அன்னையிலேர்ந்து எங்க வார்டுல யாரும் தப்பே பண்ணல."

"பண்ணலியா?"

"பண்ணோம். சொல்லல."

இங்கேதான் நைட்டிங்கேல் ஏற்பாட்டின் மறுபக்கம் தெரிகிறது. நர்ஸுக்கு மேலே நர்ஸ் இருந்தால் போதும், மரியாதை தானாக வந்துவிடும் என்று சொல்ல முடியாது. படையிலிருந்து எடுத்த கட்டுப்பாடு அது. மேலே இருப்பவர் தான் பட்ட அவமானத்தைக் கீழே இருப்பவருக்குக் கைமாற்றிவிடலாம். அத்தையே கடைசிக் காலத்தில் இன்சார்ஜ் சிஸ்டர் ஆனபோது, "நானும் ரெண்டு பொண்ணுங்களை அழ வெச்சிருக்கேன்" என்று சொன்னார். கேட்காமலே சொன்னார்.

1990களில் ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன், மருத்துவமனைக் குழுக்களையும் மருந்துத் தவறுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நல்ல தலைமையும் நல்ல உறவும் உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் வந்தது நேர்மாறு. நல்ல குழுக்களில்தான் தவறு அதிகம் பதிவாகியிருந்தது! தோண்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது, அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததைத் தைரியமாகச் சொல்கிறார்கள். மற்ற இடங்களில் மூடி மறைக்கிறார்கள். இது 1996-ல் கட்டுரையாக வந்தது. 1999-ல் அமெரிக்க மருத்துவக் கழகம், மருத்துவத் தவறுகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் வருஷத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கலாம் என்று கணித்தது. ஆளைத் தண்டிப்பதை விட, தவறு நடக்கவிடும் அமைப்பைத் திருத்துங்கள் என்பதுதான் அந்த அறிக்கையின் அடிநாதம்.

எனக்கு இது நேரில் தெரியும். பத்து வருஷம் முன்னால், ஒரு கம்பெனியில், டெஸ்ட் சர்வர் என்று நினைத்து வாடிக்கையாளரின் நிஜ டேட்டாபேஸில் ஒரு டேபிளை அழித்துவிட்டேன். ராத்திரி பதினொன்றரை மணி. கை நடுங்க மேனேஜருக்கு போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி "பேக்கப் எப்போ எடுத்தது?" இரண்டு மணி நேரத்தில் மீட்டோம். மறுநாள் கூட்டத்தில் என் பெயரே வரவில்லை. இரண்டு சர்வர் திரையும் ஒரே நிறத்தில் இருப்பது ஏன் என்று பேசி, நிஜ சர்வருக்குச் சிவப்புப் பட்டை வைத்தார்கள். அதோடு முடிந்தது. நான் அழித்தது ஏதோ ஒரு ஆர்டர் பட்டியல். யாருடைய உயிரும் இல்லை. அதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை, உயிரைக் கையில் வைத்திருந்த அத்தையின் தோழிக்குக் கிடைக்கவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஒரே மாதிரி கேஸ் ஷீட் தொங்கியது ஏன் என்று அந்த ரவுண்ட்ஸில் யாரும் கேட்கவில்லை.

பூவும் 7,700 ரூபாயும்

2020 மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் சென்னை உட்படப் பல நகரங்களில் மருத்துவமனைகள் மேல் பூத்தூவின. நல்ல காட்சி. நானும் டிவியில் பார்த்துக் கண் கலங்கினேன்.

அதற்குச் சுமார் இரண்டரை வருஷம் முன்னால், 2017 நவம்பர் கடைசியில், சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான அரசு நர்ஸுகள் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியே தேர்வெழுதி வந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் அவர்கள் ஒரு பகுதி. தொகுப்பூதியம் மாதம் ரூ.7,700. இரண்டு வருஷத்தில் பணி நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது. ஊதியம் பின்னர் 14,000, அதன் பிறகு 18,000 என்று ஏறியது. ஒரே வார்டில், ஒரே ஷிஃப்டில், ஒரே வேலை செய்யும் இரண்டு நர்ஸுகளில் ஒருவர் வாங்குவது மற்றவர் வாங்குவதில் ஒரு பங்குதான் என்றால், அவர்களுக்குள் என்ன மாதிரி உறவு வளரும்? பண்பாட்டுப் பயிற்சி வகுப்பு வைத்து அதைச் சரிசெய்ய முடியுமா?

இந்த நூற்றைம்பது வருஷத்தைத் திரும்பிப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான். நர்ஸுக்கு நம் சமூகம் புகழ்ச்சியைக் குறைவாகக் கொடுத்ததே இல்லை. தேவதை, தாய், விளக்கேந்திய பெண்மணி, எல்லாம் கொடுத்தோம். மரியாதை கூடிய இடங்களைப் பார்த்தால் அங்கே ஏதோ ஒரு உலர்ந்த ஏற்பாடு இருக்கிறது: பேரேட்டில் எண், தோளில் பட்டை, எழுதி ஒட்டிய ஷிஃப்ட் நேரம், பூட்டுள்ள அறை, காசு பிடிக்கக் கூடாது என்ற ஒரு வரி. மனசு நல்லா இருக்கணும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மேட்ரன் மாறினாலும் டீன் மாறினாலும் மாறாமல் நிற்பது எழுதி வைத்த விதி மட்டும்தான். அதுவும் மேலே இருப்பவரையும் சேர்த்துக் கட்டினால்.

டைரியைத் திருப்பிக் கொடுக்கும்போது அத்தையிடம் சரோஜினி வரதப்பன் கமிட்டி பற்றிச் சொன்னேன். 1989-லேயே இந்த மாதிரிக் காசு பிடிக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எண்பத்தொம்பதா? எனக்கு அதுக்கப்புறமும் ஒரு தடவை புடிச்சாங்களேடா" என்றார். பிறகு, "எங்களுக்கு யாரும் சொல்லலியே" என்றார்.